நீர்ப் பங்கும் நீதியும்: கிளிநொச்சி மாவட்டப் பொருளாதாரம் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

ஒரு மாவட்டம் வளமுடையது என்று எப்பொழுது கூறலாம்? பொருளியலாளர் இவ்வினாவிற்கு விடையாக விளைச்சற் கணக்கை முன்வைப்பர். பயிரிடப்பட்ட பரப்பு, ஏக்கருக்குக் கிடைத்த மூடைகள், சந்தைக்குச் சென்ற நெல்லின் பெறுமதி ஆகியவற்றைக் கணித்து, இவ்வாண்டு சென்ற ஆண்டினும் வளம் மிக்கது அல்லது குறைந்தது என்று முடிவு கூறுவர். இக்கணக்குத் தவறானதன்று; ஆயின் முழுமையானதுமன்று. விளைந்தது எவ்வளவு என்பதை அது கூறும்; விளைந்ததில் எவருக்கு என்ன உரித்து என்பதை அது கூறாது. நெல் மூடைகள் அடுக்கப்பட்ட ஊரிலேயே உலை ஏறாத வீடும் இருத்தல் கூடும். அமார்த்தியா சென், வறுமையையும் பஞ்சங்களையும் பற்றி 1981இல் வெளியிட்ட நூலில் இவ்வுண்மையையே விரிவாக நிறுவினார். உணவு குறைந்தமையால் மட்டுமன்றி, இருக்கும் உணவைப் பெறுவதற்கான உரித்து அற்றுப்போனமையாலும் மக்கள் பட்டினியுறுவர் என்பது அவர் கண்ட முடிபாகும்.

இவ்வேறுபாடு எல்லாப் பொருளாதாரங்களுக்கும் பொதுவாயினும், பெரும்பாலும் வேளாண்மையை நம்பி வாழும் நாட்டுப்புற மாவட்டமொன்றிலேயே அது மிகத் தெளிவாகப் புலப்படும். நகரத்தில் ஒரு தொழிலை இழந்தவர் வேறொன்றைத் தேடிக்கொள்ள வாய்ப்புண்டு. வேளாண் மாவட்டத்திலோ நிலமும் நீரும் எவர் கையில் உள்ளனவோ அவரைச் சார்ந்தே ஏனையோரின் வேலையும் கூலியும் உணவும் அமைகின்றன. ஆகவே, நிலத்தையும் நீரையும் பகிரும் முறை அங்கு வெறும் நிருவாக விடயமன்று. அஃது அறவியல் விடயமுமாகும். இலங்கையின் வட மாகாணத்துக் கிளிநொச்சி மாவட்டத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, சிறப்பாக இரணைமடுக் குளத்தின் கீழ்ச் சிறுபோக நீர் பங்கிடப்படும் முறையை முன்வைத்து, இவ்விடயத்தை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கிளிநொச்சி 1984இல் யாழ்ப்பாண மாவட்டத்தினின்றும் பிரிக்கப்பட்டுத் தனி மாவட்டமாயிற்று. கரைச்சி, கண்டாவளை, பச்சிலைப்பள்ளி, பூநகரி என நான்கு பிரதேச செயலகப் பிரிவுகளைக் கொண்ட இம்மாவட்டத்தில் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 1,13,000 மக்கள் வாழ்ந்தனர். கரையோரத்தில் மீன்பிடியும் பளைப் பகுதியில் தென்னையும் உண்டு. எனினும் மாவட்டத்தின் வாழ்வு நெல்லைச் சுற்றியே அமைந்தது. வடகீழ்ப் பருவக்காற்றுக் கொணரும் மழையை நம்பிக் காலபோகம் விதைக்கப்படும். அம்மழையாற் பெருகும் கனகராயன் ஆற்றின் நீரை மறித்து நிற்பது இரணைமடுக் குளம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் வேலை தொடங்கி 1920ஆம் ஆண்டளவில் முதற்கட்டம் நிறைவெய்தியது. பின்னர் அணைக்கட்டுப் பலமுறை உயர்த்தப்பட்டு, இன்று ஏறத்தாழ 20,000 ஏக்கர் வயலுக்கு அக்குளம் ஆதாரமாக விளங்குகின்றது. இக்குளம் இன்றேல் இன்றைய கிளிநொச்சி இல்லை எனக் கூறின் மிகையாகாது.

குளம் கட்டப்பட்டதும் வயல் தானே தோன்றிவிடவில்லை. காட்டை வெட்டி, மலேரியாக் காய்ச்சலுக்கும் காட்டு விலங்கிற்கும் ஈடுகொடுத்து, நிலத்தைத் திருத்தியவர் குடியேற்றவாசிகளே. 1927இல் நியமிக்கப்பட்ட காணி ஆணைக்குழுவின் சிந்தனை வழிவந்த 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், அரச காணியை அனுமதிப்பத்திரத்தின் மூலம் விவசாயிகளுக்கு வழங்க வழிவகுத்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் நிலம் போதாமையால் இடருற்ற குடும்பங்கள் பல உருத்திரபுரம், வட்டக்கச்சி, இராமநாதபுரம் முதலிய இடங்களிற் குடியேறின. 1970ஆம் ஆண்டை அடுத்து உப உணவுப் பொருள்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, வன்னியின் செத்தல் மிளகாய்க்கும் வெங்காயத்திற்கும் உயர்ந்த விலை கிடைத்தது. அவ்வாண்டுகளில் மேட்டுக்காணிகளிலும் செல்வம் புரண்டது. 1977இல் திறந்த பொருளாதாரக் கொள்கை நடைமுறைக்கு வந்ததும் அவ்விலை சரிந்தது. இவ்வனுபவம் ஒன்றை உணர்த்தியது: கமக்காரரின் உழைப்பு மாறாதிருக்கவும், வேறிடத்தில் எடுக்கப்படும் முடிவொன்றினால் அவருடைய வாழ்வு உயரவும் தாழவும் கூடும்.

இதே காலத்தில் வேறொரு மக்கட் பிரிவினரும் இம்மண்ணிற்கு வந்துசேர்ந்தனர். 1970களில் மலையகத் தோட்டங்களில் ஏற்பட்ட உணவுப் பஞ்சமும், 1977ஆம் ஆண்டு இன வன்செயலும் பல மலையகத் தமிழ்க் குடும்பங்களை வன்னிக்குத் துரத்தின. பாய்ச்சற் காணிகள் பெரும்பாலும் முன்னரே பகிரப்பட்டிருந்தமையால், அவர்களுட் பலருக்கு எட்டியது காட்டோர மேட்டுநிலமும் பிறர் வயலிற் கூலிவேலையுமே. பின்னர் வந்த போர் எல்லோரையும் இடம்பெயர்த்தது. 2009ஆம் ஆண்டின் பின்னர் மீளக்குடியேறியோர் அனைவரும் அழிந்த வீட்டினின்றும் தரிசான வயலினின்றுமே மீளத் தொடங்கினர். ஆயினும் இழப்பு எல்லோருக்கும் பொதுவாக இருந்த அளவிற்கு மீட்சி பொதுவாக அமையவில்லை. பாய்ச்சற் காணி உடையவர் வயலுக்குத் திரும்பினர். அஃது இல்லாதவர் கூலிக்கே திரும்பினர். அக்கூலியும் முன்போல் இல்லை. அரிவி வெட்டும் சூடடிப்பும் இயந்திரத்தின் பணிகளாகிவிட்டமையால், பலர் பல நாள் செய்த வேலை சில மணி நேரத்தில் முடிந்துவிடுகின்றது.

இனி, பங்கீட்டு முறையை நோக்கலாம். காலபோகத்தில் மழையும் குளமும் ஒருங்கே துணை நிற்பதால் வயல் முழுவதும் விதைக்கப்படும். சிறுபோகமோ குளத்து நீரை மட்டுமே நம்பியது. வான் பாயும் அளவிற்குக் குளம் நிரம்பிய ஆண்டிலும் முழுப் பரப்பிற்கும் போதிய நீர் சிறுபோகத்திற்குக் கிடைப்பதில்லை. 2016ஆம் ஆண்டின் இறுதியில் நிகழ்ந்ததுபோல மழை பொய்த்தால் நிலைமை மேலும் இடர் மிக்கதாகும். எனவே, காலபோக அறுவடையின் பின்னர் அரசாங்க அதிபரின் தலைமையில் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடும். நீர்ப்பாசனத் திணைக்களப் பொறியியலாளர் குளத்தின் நீர்மட்டத்தைக் கூறுவார். எத்தனை ஏக்கருக்கு நீர் வழங்கலாம், எவ்வாய்க்காலின் கீழ்ப் பயிரிடலாம், துருசு எந்நாளில் திறக்கப்படும், எந்நாளிற் பூட்டப்படும் என்பன கமக்காரர் அமைப்புகளின் பிரதிநிதிகளோடு பேசித் தீர்மானிக்கப்படும். அவ்வாறு தீர்மானிக்கப்பட்ட பரப்பு, குளத்தின் கீழ்க் காணியுடையோரிடையே அவரவர் காணியின் அளவிற்கேற்பப் பங்கிடப்படும். தன் வயல் அவ்வாண்டு நீர் பெறாத வாய்க்காலின் கீழ் இருப்பினும், நீர் பெறும் பகுதியிலே ஒருவருக்குப் பங்கு கிடைக்கும். அதேபோன்று, நீர் பெறும் பகுதியிற் காணியுடையவர், முழுவதும் தனதேயெனினும், அதன் ஒரு பகுதியைப் பிறருக்கு அப்போகத்தின் பொருட்டு விட்டுக்கொடுப்பார்.

இம்முறை கிளிநொச்சிக்கு மட்டும் உரியதன்று. உலர் வலயத்துச் சிங்களக் கிராமங்களில் பெத்ம என்னும் பெயரால் இது நெடுங்காலமாக வழங்கி வந்துள்ளது. நுவரகலாவியவில் உள்ள புல் எலிய என்னும் குளக்கிராமத்தைப் பற்றி எட்மண்ட் லீச் 1961இல் வெளியிட்ட ஆய்வு, குளத்து நீரும் வயற் பங்கும் உறவுமுறையும் எவ்வாறு ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன என்பதைக் காட்டியது. மொழியாலும் சமயத்தாலும் வேறுபட்ட இரு மக்கட் கூட்டத்தினர் ஒரே வறட்சியை எதிர்கொண்டபோது ஒரே வகையான நீதியைக் கண்டடைந்தனர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

இம்முறையின் அறவியற் சிறப்பு யாது? சொத்துரிமை பற்றிச் சிந்தித்தோர் பொதுவாக இரு துருவங்களில் நிற்பர். ஒரு சாரார் தனியுடைமையைப் புனிதமானதாகக் கொள்வர். மறு சாரார் அதனை முற்றாக ஒழிக்க வேண்டும் என்பர். அரிஸ்டோட்டில் தம் அரசியல் நூலின் இரண்டாம் பகுதியில் இவற்றிற்கு இடைப்பட்ட வழியொன்றைக் கூறினார். உடைமை தனியாருடையதாக இருக்கட்டும், அதன் பயன் பொதுவாக இருக்கட்டும் என்பதே அவர் கருத்து. ஆயின் அப்பயனைப் பொதுவாக்கும் பொறுப்பை அவர் உடையவரின் நற்பண்பிடமே பெரிதும் விட்டார். நற்பண்பு அரிதாகிய இடத்தில் அக்கருத்து வெறும் விருப்பமாகவே நின்றுவிடும். குளத்தின் கீழுள்ள பங்கீட்டு முறையோ உடையவரின் ஈகையை எதிர்பார்ப்பதன்று. உறுதியிலுள்ள எல்லைக்கோடு அழியாமல் இருக்க, பற்றாக்குறைப் போகத்தில் மட்டும் அக்கோட்டின் வலிமையை ஊர் ஒருமனதாக இடைநிறுத்துகின்றது. நீர் மிகுந்திருக்கும்போது நிலம் அவரவருடையது. நீர் குறையும்போது குறைபாடு அனைவருடையதும் ஆகும். தலைவாய்க்காலின் அருகே வயல் அமைந்தது ஒருவருடைய முயற்சியால் அன்று. கடைவாய்க்காலில் அமைந்தது மற்றவருடைய குற்றத்தாலும் அன்று. இவ்விரண்டும் தற்செயல் என்பதை அம்முறை உணர்ந்துள்ளது.

இதற்கு எதிராகப் பொருளியல் நோக்கில் ஒரு தடை எழுப்பப்படலாம். நீரைச் சிறு சிறு பங்குகளாகச் சிதறடிப்பதிலும், அதற்கு விலை வைத்துத் திறமை மிக்கோரிடம் கொடுப்பின் விளைச்சல் பெருகும், நீர் வீணாகாது என்பர். இத்தடையில் உண்மை இல்லாமலில்லை. ஆயின், கூடுதலாக விலை கொடுப்பவர் கூடுதலாக விளைவிப்பவராக இருத்தல் வேண்டும் என்பதில்லை. கூடுதலாகப் பணம் உடையவராக இருத்தலே போதும். போரினால் சேமிப்பை இழந்து, கடனில் விதைத்து, அறுவடையன்றே நெல்லை விற்று அக்கடனை அடைக்கும் ஒருவர் அத்தகைய ஏலத்தில் நிற்க இயலாது. 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களைச் சேர்ந்த பெண்களின் நுண்நிதிக் கடன்களிற் சிலவற்றை அரசாங்கமே தீர்க்க முன்வர நேர்ந்தமை, கடனின் சுமை எத்துணைக் கொடியதாக இருந்தது என்பதற்குச் சான்றாகும். ஜோன் றோல்ஸ் 1971இல் எழுதிய நீதிக் கோட்பாட்டு நூலில், ஏற்றத்தாழ்வு எதுவும் மிகப் பின்தங்கியவருக்கு நன்மை தருவதாயின் மட்டுமே ஏற்கத்தக்கது என்றார். நீரை விலைப்படுத்துவதால் மாவட்டத்தின் மொத்த விளைச்சல் சிறிது கூடினும், அக்கூடுதல் கடைவாய்க்காற் குடும்பத்தைச் சென்றடையும் என்பதற்கு எவ்வித உறுதியும் இல்லை.

எனினும் பங்கீட்டு முறையை இவ்வளவில் புகழ்ந்து அமைதல் முறையன்று. அதன் உள்ளே ஆழமான குறை ஒன்றுண்டு. பங்கு கிடைப்பது காணிக்கே அன்றி ஆளுக்கன்று. பத்து ஏக்கர் உடையவருக்கு ஐந்து பங்கு எனின், இரண்டு ஏக்கர் உடையவருக்கு ஒரு பங்கே கிடைக்கும். காணியே இல்லாதவருக்கு எதுவும் இல்லை. மேலும், பங்கைப் பெற்ற அனைவரும் வயலில் இறங்குவதில்லை. யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ கடல் கடந்த நாட்டிலோ வாழும் ஒருவர் தம் சிறுபோகப் பங்கைக் குத்தகைக்கு விடுவதும் உண்டு. அதனை எடுத்துப் பயிரிடுபவர், நெல் விளையினும் விளையாவிடினும், குத்தகையை முன்னரே கொடுத்தாக வேண்டும். வறட்சியின் துன்பத்தைப் பகிர்வதற்கென எழுந்த ஏற்பாடு, வறட்சியையே வருமானமாக்கும் வழியாக மாறிவிடுகின்றது. நீர் எவ்வளவு அரிதாகின்றதோ அவ்வளவிற்குப் பங்கின் விலை ஏறுகின்றது. துன்பத்தைப் பகிர வேண்டியவர் ஒருவரும், அதனைச் சுமப்பவர் மற்றொருவருமாகின்றனர்.

காணியுடையவரின் உரிமை எத்தகையது என்பதை இவ்விடத்தில் ஆராய்தல் வேண்டும். ஜோன் லொக் என்னும் ஆங்கிலத் தத்துவஞானி, ஒருவன் தன் உழைப்பை நிலத்தோடு கலப்பதனால் அந்நிலம் அவனுக்குரியதாகின்றது என்றார். ஆயின் பிறருக்குப் போதியதும் நல்லதும் எஞ்சியிருத்தல் வேண்டும் என்ற நிபந்தனையையும் உடன் விதித்தார். காட்டை வெட்டிக் கழனியாக்கிய குடியேற்றவாசிக்கும் அவர் வழிவந்தோருக்கும் நிலத்தின் மீதுள்ள உரிமையை லொக்கின் வாதம் நன்கு தாங்கும். நீரின் மீதுள்ள உரிமையை அது தாங்குமா? மழை எவருடைய உழைப்பின் பயனுமன்று. குளம் பொதுப்பணத்தாற் கட்டப்பட்டது. 2009ஆம் ஆண்டின் பின்னரும் பொதுக் கடனைக் கொண்டே புனரமைக்கப்பட்டது. திருவள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார்; உழவைப் பொருட்பாலிலே, மிகப் பின்னர், பேசினார். புறநானூற்றிலே குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு நீர்நிலை அமைக்குமாறு அறிவுறுத்தியபோது, அதனை அரசனுடைய கடமையாகவே கூறினார். மழை பொதுக்கொடை, குளம் பொதுப்பணி, வயல் மட்டுமே தனியுடைமை என்னும் வரிசை தமிழ் மரபிற்குப் புதிதன்று. எனவே, நிலத்தின் அளவு நீரின் பங்கை முற்றாகத் தீர்மானிக்க வேண்டும் என்பதற்கு, வழக்கத்தைத் தவிர வேறு வலிய காரணம் இல்லை.

காணியுடையோர் பக்கத்திலும் நியாயம் உண்டு. வாய்க்காலைத் துப்புரவாக்குபவரும், கமக்காரர் அமைப்பிற்குப் பணம் செலுத்துபவரும், வெள்ளத்தில் வரம்பு உடைந்தால் இழப்பைச் சுமப்பவரும் அவர்களே. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டபோது விளைச்சல் வீழ்ச்சியால் நேரடியாக அடியுண்டவரும் அவர்களே. பங்கு நிலையற்றதாயின் எவரும் நிலத்தைப் பேணார் என்ற அச்சம் அடிப்படையற்றதன்று. பெரும்பாலோர் பெருநில உடைமையாளருமல்லர்; மூன்று ஏக்கரைக்கொண்டு மூன்று பிள்ளைகளைப் படிப்பிக்க முயல்பவர்கள். வெளியூரில் வாழ்பவருள்ளும் போரினாற் பெயர்ந்தோர் பலர். அவர்கள் விரும்பி அகன்றவரல்லர். இந்நியாயங்களை மதியாது கூறப்படும் நீதி, ஒரு சாராரின் துன்பத்தை மறு சாராருக்கு மாற்றுவதாக மட்டுமே முடியும். ஆயினும் இவை யாவும் பயிரிடுபவரின் நியாயங்கள் என்பது கவனிக்கத்தக்கது. வாய்க்காலில் இறங்காது பங்கை மட்டும் குத்தகைக்கு விடுபவருக்கு இவற்றுட் பெரும்பாலானவை பொருந்தா.

இவ்வினா வெறும் கோட்பாட்டளவில் நில்லாது பொதுவாழ்விலும் ஒருமுறை வெளிப்பட்டது. யாழ்ப்பாணக் குடாநாடு நிலத்தடி நீரையே நம்பியிருப்பது. அந்நீர் நைத்திரேற்றாலும் உவராலும் பழுதுற்றிருத்தல் நன்கறியப்பட்ட உண்மை. ஆசிய அபிவிருத்தி வங்கி 2010இல் ஒப்புதல் அளித்த யாழ்ப்பாணம் - கிளிநொச்சி நீர் வழங்கல் திட்டம், இரணைமடு நீரைக் குடிநீராக யாழ்ப்பாணத்திற்குக் கொண்டுசெல்லக் கருதியது. கிளிநொச்சிக் கமக்காரர் இதனை எதிர்த்தனர். சிறுபோகத்திற்கே போதாத நீரை எவ்வாறு வெளியே அனுப்புவது என்று கேட்டனர். நெடிய வாதங்களின் பின்னர் திட்டம் மாற்றப்பட்டது. தாளையடியில் அமைக்கப்பட்ட கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் 2024இல் இயங்கத் தொடங்கியது. இம்முடிவால் இரு தரப்பினரும் ஒருவாறு ஆறுதலுற்றனர். ஆனால் வாதத்தின்போது எழுந்த அறவியல் வினா அதனோடு தீர்ந்துவிடவில்லை.

குடாநாட்டவர் தாகத்தை முன்வைத்தனர்; கமக்காரர் வாழ்வை முன்வைத்தனர். தாகம் வாழ்வினும் முந்தியது என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்படும். எனினும் கேட்பவர் செல்வத்தாலும் செல்வாக்காலும் உயர்ந்தவராகவும், கொடுக்க வேண்டியவர் போரினால் நலிந்தவராகவும் இருக்கும்போது, கொடுக்க மறுப்பவரைத் தன்னலத்தார் என்று ஒரேயடியாகக் கூறிவிட இயலாது. ‘இது எங்கள் நீர்’ என்ற கமக்காரரின் கூற்றில் அடங்கியிருந்தது தனியொருவரின் உடைமைக் குரலன்று. ஒரு குளத்தைச் சூழ்ந்து வாழும் மக்களின் பொதுக்குரல். அக்குரலுக்கு வலிமை தந்தது ‘எங்கள்’ என்னும் சொல்லே.

ஆராய வேண்டியது அச்சொல்லையே. ‘எங்கள்’ என்பதனுள் எவர் எவர் அடங்குவர்? எலினோர் ஒஸ்ரம் பொதுவளங்களின் ஆளுகை பற்றி 1990இல் வெளியிட்ட நூலில், நெடுங்காலம் நிலைத்த பொதுவள அமைப்புகளின் முதற் பண்பாக எல்லைத் தெளிவைக் குறிப்பிட்டார். பங்காளி யார், பங்காளியல்லாதார் யார் என்பது தெளிவாக இல்லாவிடின் பொதுவளம் அழியும் என்பது அவர் கருத்தின் சாரம். அது சரியே. ஆயின் எல்லை தெளிவாக இருத்தல் வேறு. எல்லை நீதியாக இருத்தல் வேறு. குளத்தின் நிழலிலே வாழ்ந்து, அதன் வயலிலே நாற்று நட்டு, களை பிடுங்கி, வெள்ளம் வந்தபோது அதன் வெள்ளத்தையும் தாங்கிய காணியற்ற குடும்பம் ‘எங்கள்’ என்பதனுள் அடங்காவிடின், வெளியாரை நோக்கி அச்சொல்லை எவ்வாறு பயன்படுத்துவது? வெளியாரிடம் நீரைப் பொதுச் சொத்தாகக் கூறி, உள்ளாரிடம் அதனைத் தனிச் சொத்தாகப் பங்கிடுதல் முரணாகும். ஒரு சமூகம் தன் வளத்தின் மீது பொதுவுரிமை கோரும்போது, அக்கோரிக்கையே அச்சமூகத்தின் கடைசி மனிதரையும் பங்காளியாக ஏற்கும் கடமையை அதன்மீது சுமத்துகின்றது. கடமையை ஏற்காது உரிமையை மட்டும் கோரின், அது பொதுவுரிமை என்னும் பெயரில் நிகழும் சிலருடைய உரிமையே ஆகும்.

இக்கடமையை நிறைவேற்றும் வழி யாது? எல்லோருக்கும் வயலைப் பிரித்துக் கொடுத்தல் என்பது இயலாததும், பிளவுபட்ட சிறு துண்டுகளால் எவருக்கும் பயன் தராததுமாகும். ஆயின் சிறுபோகப் பங்கீடு ஏற்கெனவே நிலத்தின் எல்லையைப் போகமொன்றிற்கு மட்டும் தளர்த்தும் முறையாக உள்ளது. அத்தளர்வை இன்னும் ஒரு படி நீட்டுதல் இயலும். தாமே பயிரிடுவோருக்கு முதலிடம் அளித்தல். ஒருவர் பெறக்கூடிய சிறுபோகப் பங்கிற்கு ஓர் உச்ச எல்லை வகுத்தல். பயிரிடாதவர் விட்ட பங்கு அவருடைய குத்தகை வருமானமாகாமல் கமக்காரர் அமைப்பிற்குத் திரும்புதல். அவ்வாறு திரும்பிய பங்கினைக் காணியற்ற உழைப்பாளிக்கும், தலைமை தாங்கும் பெண்ணையே நம்பிய குடும்பத்திற்கும் வாய்க்காற் பராமரிப்பில் உழைப்பதையே ஈடாகக் கொண்டு வழங்குதல் என்பன எண்ணிப் பார்க்கத்தக்கவை. பெண்ணின் உரிமை இங்கு தனித்துக் குறிக்கப்பட வேண்டியது. 1935ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் இயற்றப்பட்டவாறு, வாரிசு குறிக்கப்படாத காணியில் மகளுக்கு முன் மகனையே வைத்தது. அச்சட்டத்தின் நிழலிற் பல காணிகள் கைமாறிய ஒரு மாவட்டத்தில், போரின் பின்னர் குடும்பச் சுமையை ஏற்ற பெண்கள் பலர் உள்ளனர் என்பது எளிதிற் புறக்கணிக்கத்தக்கதன்று.

இவ்வழிகளிலும் இடர்ப்பாடுகள் உண்டு. எவர் தாமே பயிரிடுபவர் என்பதை நிறுவுதல் எளிதன்று. பெயரளவிற் பயிரிட்டுப் பின்கதவாற் குத்தகை வாங்குவோர் தோன்றுவர். கமக்காரர் அமைப்பே செல்வாக்குடையோர் வசமாயின், திரும்பிய பங்கு தகுதியுடையோரை அடையாது. ஆகவே விதியை மாற்றுவதற்கு முன்னரோ அதனோடோ, விதியை வகுக்கும் கூட்டத்தின் அமைப்பு மாறுதல் வேண்டும். பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் இன்று கேட்கும் குரல்கள் காணியுடையோருடையவும் அதிகாரிகளுடையவுமே. அக்கூட்டத்தின் தீர்மானத்தால், அப்போகத்தில் வேலை கிடைக்குமா கிடையாதா என்று தன் வாழ்வு தீர்மானிக்கப்படும் கூலியாளுக்கு அங்கு ஆசனம் இல்லை. துருசு திறக்கும் நாளை அறிவதற்கு மட்டுமன்றி, அதனைத் தீர்மானிப்பதற்கும் அவருக்கு உரித்துண்டு என்று ஏற்கப்படும்போதே பங்கீடு பற்றிய மற்றைய சீர்திருத்தங்களுக்கு அடித்தளம் கிடைக்கும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இன்று கிளிநொச்சியிலேயே இயங்குகின்றது. மண்ணையும் விதையையும் நீரின் அளவையும் ஆராயும் அறிவு அம்மாவட்டத்தின் வாயிலிலேயே உள்ளது என்பது மகிழ்ச்சிக்குரியது. நீர் எவ்வளவு என்பதை அளக்கும் கருவிகள் நாளுக்கு நாள் நுண்மையடைகின்றன. அந்நீர் எவருக்கு, எந்நியாயத்தின்படி என்னும் வினாவிற்கோ கருவி இல்லை. அதனை மனிதரே கூடிப் பேசித் தீர்க்க வேண்டும். காலபோகத்தில் விளைந்த நெல் லொறிகளிலேறி வெளிமாவட்ட ஆலைகளுக்குச் செல்லும்போது மாவட்டத்தின் விளைச்சற் கணக்கு எழுதப்பட்டுவிடும். ஆயின் அம்மாவட்டம் வளமுடையதா என்ற வினாவிற்கு விடை அக்கணக்கில் இல்லை. குளம் பாதியாய் நிற்கும் பங்குனி மாதத்திலே, அரைப் பங்கு நீரை முழு ஊருக்கும் எவ்வாறு பகிர்வது என்று கூடும் கூட்டத்தில், காணியற்றவருக்கும் ஒரு பெயர் வாசிக்கப்படுகின்றதா என்பதிலேயே அவ்விடை தங்கியுள்ளது.